வன்னிப் புழுதியும் கிணற்றுத் தண்ணீரும்: வீட்டில் கார் கழுவ எதை வாங்குவது?

18 மே 2025 (கேள்வி)

பரந்தனுக்குக் கிட்ட வீடு. அண்மையில் ஒரு கறுப்புக் கார் வாங்கினேன், பாவித்ததுதான். கிழமைக்கு ஒருக்கா முற்றத்தில் விட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணியால் கழுவுறன். காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி புள்ளியாய் நிற்குது. வெயிலில் பார்த்தால் வட்டம் வட்டமாய்க் கீறல். எந்த ஷாம்பூ நல்லது அண்ணை? பெயரைச் சொல்லுங்கோ, வவுனியா போகேக்க எடுக்கலாம்.

18 மே, இரவு

தம்பி, ஷாம்பூவின் பெயரைப் பிறகு பார்ப்போம். புள்ளி வருவது தண்ணீரால், கீறல் வருவது புழுதியால். இரண்டையும் எந்தப் போத்தலும் தீர்க்காது.

முதலில் புழுதி. கிறவல் வீதியில் எழும் சிவந்த தூளுக்குள் நுண்ணிய மணல் இருக்கிறது. அது பெரும்பாலும் குவார்ட்ஸ்; கண்ணாடியையே கீறும். காரின் நிறத்துக்கு மேலே உள்ள தெளிவான பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன் தடிப்புத்தான். தலைமயிர் சுமாராக 70 மைக்ரோன். அந்த மணல் மேலே கிடக்கத் துணியால் தேய்த்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷாம்பூவாக இருந்தாலும் கீறும். கீறல் எல்லாப் பக்கமாகவும் விழுந்திருக்கும்; வெயில் பளிச்சிடும் இடத்தைச் சுற்றித்தான் அது வட்டம் வட்டமாகத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் அதே கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, கையை வைக்காமல் தண்ணீரை மட்டும் விட்டுப் புழுதியைக் கரைத்து இறக்குவது. கூரையிலிருந்து கீழ்நோக்கி, அவசரப்படாமல். பெரும்பாலானவர்கள் தண்ணீரை ஒருதரம் விசிறிவிட்டு உடனே துணியை எடுக்கிறார்கள். கீறல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

19 மே

பெயர் வேண்டும் என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள், சரி. பி.எச். நடுநிலை (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று போட்டிருக்கும் எந்தக் கார் ஷாம்பூவும் போதும். சோனக்ஸ், டேர்ட்டில் வக்ஸ் போன்றவை கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் அதற்காகக் கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்கத் தேவையில்லை. மிச்சப்படும் காசுக்கு நல்ல மைக்ரோபைபர் துணிகள் வாங்குங்கள்.

எதைப் பாவிக்கக் கூடாது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்தண்ணீர், கல்சியம் கூடியது. சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்தால் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். குளிக்கும் வாளியின் உட்பக்கத்தில் ஒட்டுகிற சாம்பல் நிறப் படலம் அதுதான். அதையே காரில் பூசி விட்டு, ஏன் மங்கலாக இருக்கிறது என்று யோசிக்கிறோம்.

உடுப்புத் தோய்க்கும் பவுடர் காரத்தன்மை கூடியது. பழைய பூச்சை வெளிற வைக்கும், றப்பர் ஓரங்களைக் காய வைக்கும். பாத்திரம் கழுவும் திரவம் அந்தளவு கெட்டதில்லை, ஆனால் மேலே இருக்கிற மெழுகை வழித்துக்கொண்டு போய்விடும். மெழுகு போட முன்னம் பழையதை எடுக்கப் பாவிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேண்டாம்.

19 மே, கொஞ்சம் பிந்தி

தண்ணீர் வன்தண்ணீரா என்று எப்படித் தெரியும் என ஒருவர் கேட்டிருக்கிறார். தேத்தண்ணிக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்திருந்தால் அதேதான் காரிலும் பிடிக்கும்.

24 மே

இன்று விடிய என் காரைக் கழுவினேன். செய்தபடியே எழுதுகிறேன்.

வெயில் ஏற முன்னம் தொடங்க வேண்டும். பொனற்றில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. சூடான தகட்டில் தண்ணீர் நாம் துடைக்க முன்னமே காய்ந்து புள்ளியாகிவிடும். மர நிழல் நல்லதுதான், வேம்பு என்றால் பூவும் சருகும் ஈரத்தில் ஒட்டும், அதனால் நான் வீட்டின் மேற்குப் பக்கச் சுவரின் நிழலில் விடுகிறேன். காலையில் நிழல் அங்கேதான் விழும்.

முதலில் சில்லுகள். அவைதான் அதிக ஊத்தை. அவற்றைக் கடைசியாகக் கழுவினால் தெறிக்கும் சேறு கழுவிய கதவில் விழும். சில்லுக்கு வேறு வாளி, வேறு தூரிகை. அந்தத் துணி மேலே போகவே கூடாது.

பிறகு முழுக் காருக்கும் தண்ணீர். அதன் பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கையுறை போன்ற மைக்ரோபைபர் உறையை ஷாம்பூவில் தோய்த்து ஒரு பகுதியை நேர்கோட்டில் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடி ஷாம்பூ. கூரை, கண்ணாடி, பொனற், கதவின் மேற்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். அழுக்குக் கூடிய இடம் கடைசி.

முடித்த பிறகு அலசிய வாளியைச் சாய்த்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அடியில் மெல்லிய சிவப்பு மண் படிந்திருக்கும். விரலால் எடுத்துத் தேய்த்தால் நறநறக்கும். ஒரே வாளியில் கழுவியிருந்தால் அந்த மண் திரும்பத் திரும்பத் துணியோடு மேலே போயிருக்கும். இரண்டாவது வாளி தேவையில்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவது.

ஸ்பொஞ்ச் வேண்டாம். மட்டமான முகத்தோடு மணலை நசுக்கிப் பிடித்துக்கொண்டு தகட்டில் இழுக்கும்.

துடைக்கும் வேலையைப் பின்போடக் கூடாது. ஒரு பக்கம் அலசியதும் அந்தப் பக்கத்தை உடனே பெரிய மைக்ரோபைபர் துவாயால் ஒத்தி எடுக்க வேண்டும். தேய்க்கத் தேவையில்லை, விரித்துப் போட்டு இழுத்தால் தண்ணீர் ஏறிவிடும். பழஞ்சீலையும் பழைய சாரமும் எல்லா வீட்டிலும் உண்டு, அவை சில்லுக்கும் கதவு இடுக்குக்கும் சரி. பூச்சில் போட வேண்டாம், கரையில் உள்ள தையல் கீறும்.

25 மே

“இவ்வளவு தண்ணிக்கு எங்கே போவது அண்ணை, எங்கள் கிணறு ஆனியிலேயே அடி காணும்” என்று நெடுங்கேணியிலிருந்து ஒருவர். நியாயமான கேள்வி. குழாயைத் திறந்து வைத்தால் நிமிடத்துக்குப் 10, 15 லீற்றர் போகும். குடிக்கத் தண்ணீர் தேடுகிற காலத்தில் காருக்கு அப்படி விடுவது சரியில்லை.

வயலுக்கு மருந்து அடிக்கும் தோள் ஸ்பிரேயர் தெரியும்தானே. புதிதாக ஒன்றை வாங்கிக் காருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 16 லீற்றர் பிடிக்கும். விசிறலாக அடித்தால் ஒரு தாங்கித் தண்ணீரில் முழுக் காரின் புழுதியையும் இறக்கலாம். கழுவ இரண்டு வாளி, அலச அரைத் தாங்கி. சிறிய காருக்கு அது போதும். ஓடுகிற தண்ணீரை வாழைக்கு விடலாம், ஷாம்பூ கொஞ்சமாகப் போட்டிருந்தால்.

மருந்து அடித்த பழைய ஸ்பிரேயரை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். குழாயிலும் வாயிலும் மருந்து நிற்கும். கதவுப்பிடியைப் பிள்ளைகள் தொடுவார்கள்.

தண்ணீரே இல்லாமல் துடைக்கும் திரவங்களைக் கடையில் புகழ்வார்கள். தார் வீதியில் ஓடி மெல்லிய தூசு பிடித்த காருக்குச் சரி. கிறவல் புழுதிக்கு மேலே அதை அடித்துத் துடைத்தால் மணலால் தேய்த்த மாதிரித்தான்.

8 ஜூன்

ஏற்கெனவே பிடித்த வெள்ளைப் புள்ளிக்கு என்ன செய்வது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

வினாகிரி. நிறமில்லாததை எடுத்து அதே அளவு தண்ணீர் சேர்க்கவும். கார் கழுவி, குளிர்ந்து, நிழலில் நிற்க வேண்டும். துணியை அதில் நனைத்துப் புள்ளி உள்ள ஒரு சிறிய இடத்தில் ஒரு நிமிடம் போட்டு, மெல்லத் துடைத்து, உடனே தண்ணீர் விட்டு அலசவும். கல்சியம் காபனேற்று அமிலத்தில் கரையும், வேறு மந்திரம் எதுவும் இல்லை. முழுக் காரிலும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். காய விடவும் வேண்டாம். தேசிக்காயை வெட்டித் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் அமிலம் வினாகிரியை விடக் கடுமை, வெயிலில் காய்ந்தால் அதுவே அடையாளம் விடும்.

வினாகிரிக்கும் போகாவிட்டால் புள்ளி பூச்சுக்குள் இறங்கிவிட்டது. அப்போது கொம்பவுண்ட் எனப்படும் தேய்ப்புப் பசை போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அது மேற்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கும் வேலை. மேலே சொன்ன 40, 50 மைக்ரோனை நினைவில் வைத்துக்கொண்டு எப்போதாவது செய்யுங்கள்.

மழைநீர்த் தொட்டி உள்ள வீடென்றால் கடைசி அலசலுக்கு மட்டும் அந்தத் தண்ணீரை எடுங்கள். மழைநீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. புள்ளி அவ்வளவாக வராது.

12 ஜூலை

சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, பலமாகிவிட்டது. கழுவி உள்ளே வர முன்னமே சிவப்பாகிவிடுகிறது.

கிழமைக்கு ஒருமுறை கழுவுவது நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். இந்தக் காலத்தில் அப்படி வேண்டாம் என்று இப்போது படுகிறது. புழுதி தானாகக் கிடந்தால் கீறாது, கை பட்டால்தான் கீறும். காற்று அடங்கும்வரை கண்ணாடி, விளக்கு, பின் இலக்கத்தகடு, இவற்றை மட்டும் நனைத்துத் துடைக்கிறேன். மற்றது கிடக்கட்டும். கிணற்றுக்கும் நல்லது.

காரை மூடும் உறையைப் பற்றிக் கேட்டவருக்கு: கொட்டகைக்குள் என்றால் சரி. திறந்த வெளியில் சோளகக் காற்று உறையை நாள் முழுக்க அசைக்கும், உறைக்கும் தகட்டுக்கும் இடையில் புழுதி. மூடாமல் விடுவதே மேல்.

13 ஜூலை

தும்புத்தடியால் கார் தட்டுகிறவர்களுக்கு: தயவுசெய்து விடுங்கள். கோழி இறகுத் தடியும் அப்படித்தான்.

13 ஜூலை, பின்னேரம்

உள்பக்கம் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று முறைப்பாடு. வெளியைவிட உள்ளேதான் நாம் இருக்கிறோம், அது உண்மை.

கால்மிதியை எடுத்து வெளியே தட்டி, வெற்றிடத் துப்புரவுக் கருவி இருந்தால் இருக்கைத் தண்டவாளம் வரை இழுங்கள். டாஷ்போர்டுக்கு ஈரத்துணி போதும். பளபளப்பாக்கும் சிலிக்கோன் தெளிப்பான்களை நான் விட்டுவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்படியே ஒட்டும், வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். ஏசியின் காற்று வடிகட்டி பல கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். இங்கே ஓடும் காரில் அது வெள்ளையாக இருந்தால் ஆச்சரியம்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அக்வா, பிரியஸ் போன்றவற்றில் பெரிய பற்றரியைக் குளிராக்கக் காரின் உள்ளேயிருந்துதான் காற்று போகிறது. அதன் வாய் பின் இருக்கைக்குக் கிட்ட இருக்கும். அந்த வாயில் புழுதியும் பஞ்சும் அடைத்தால் பற்றரி சூடாகும், ஆயுள் குறையும். அந்த வலையைக் காய்ந்த தூரிகையால் துப்புரவாக்குங்கள். அதற்குள் தண்ணீர் அடிக்கக் கூடாது. அந்த இடத்தில் பை, தலையணை, பிள்ளையின் சட்டை எதையும் வைத்து மறைக்கவும் வேண்டாம். பற்றரி மாற்றும் செலவை ஒருதரம் கேட்டுப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று விளங்கும்.

3 ஆகஸ்ட்

காகம் கழுவிய காரைத்தான் தேடி வரும் என்று என் மாமி சொல்வார். நம்புகிறேன்.

எச்சத்தை நகத்தால் சுரண்டாதீர்கள், காய்ந்த துணியாலும் துடைக்காதீர்கள். அதற்குள் மண்ணும் விதையும் இருக்கும். துணியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து மேலே போட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தூக்கி எடுத்தால் அதோடு வந்துவிடும். அன்றைக்கே எடுக்க வேண்டும். வெயிலில் பூச்சு சூடேறி இளகும், எச்சம் அதில் இறுகும், இரவில் பூச்சு சுருங்கும். அதன் யூரிக் அமிலமும் சேர்ந்து ஒரு பள்ளம் போல அடையாளம் விடும். அதைக் கழுவி எடுக்க முடியாது.

21 செப்டெம்பர்

மாரிக்கு முன் மெழுகு போடுகிற நேரம். ஒரு சிறு சோதனை: கழுவிக் காய்ந்த காரில், கையை மெல்லிய சொப்பிங் பைக்குள் விட்டு விரல் நுனியால் பொனற்றைத் தடவுங்கள். வெறுங்கைக்கு வழுவழு என்று இருந்த இடம் பைக்குள்ளால் பொருக்குப் பொருக்காகத் தெரியும். பூச்சில் குத்தி நிற்கும் பிரேக் தூளும் தார்த் துகளும் அவை. கிளே எனப்படும் களிக்கட்டியை ஷாம்பூத் தண்ணீர் விட்டு வழுக்க விட்டால் அவற்றைப் பிடுங்கி எடுக்கும். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், அது இனி மணற்கட்டி. வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை.

மெழுகில் பழைய நல்ல வகை கார்ணோபா. அது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. நம்முடைய பனையைப் போலவே அதுவும் விசிறி ஓலைப் பனை. கடும் வறட்சியில் ஓலையின் ஈரம் போகாமல் காக்கத்தான் அந்த மெழுகு. பனங்காட்டுக்காரர் நாங்கள், எனக்கு அதைப் பாவிக்கும்போது ஒரு தனிப் பிரியம். உருகுநிலை 82 பாகைக்கு மேல். ஆனாலும் எங்கள் வெயிலில் சில கிழமைகள்தான் நிற்கும். சீலண்ட் எனப்படும் செயற்கைப் பூச்சு மாதக்கணக்கில் நிற்கும். பிரியத்துக்குக் கார்ணோபா, மாரிக்குச் சீலண்ட் என்று இப்போது வைத்திருக்கிறேன்.

மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் துடைத்து எடுப்பதுதான் கஷ்டம், பலன் கூடாது. கறுப்புப் பிளாஸ்டிக்கில் படக் கூடாது, வெள்ளையாக நிற்கும்.

செராமிக் பூச்சு அடித்தால் இனிக் கீறலே விழாது என்று ஒரு கடையில் என் மச்சானுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் உருண்டு ஓடும், கழுவ லேசு, அதெல்லாம் உண்மை. மணலுக்கு அது தடுப்பில்லை. மேலே விடும் வன்தண்ணீர் காய்ந்தால் அதிலும் புள்ளி பிடிக்கும்.

“பழைய காருக்கு இவ்வளவு ஏன்” என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. புதிய காரின் விலை இப்போதும் எங்களுக்கு எட்டாது. இருக்கிற காரைப் பேணுவதைத் தவிர வேறென்ன செய்வது? எங்கள் பக்கத்தில் ஒரு கார் ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் அயலுக்கே ஓடுகிறது.

9 நவம்பர்

முதல் மழைக்குப் பிறகு இரவில் ஏ9 வீதியில் வந்தால் ஈசல் முன்பக்கம் முழுக்க அப்பிவிடும். விடிய வெயில் பட முன்னம், பழைய பத்திரிகைத் தாளை நனைத்துப் பம்பரில் ஒட்டி விடுங்கள். ஊறிய பிறகு தண்ணீர் அடித்தால் விழும். சிறகு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதை ஷாம்பூ பார்த்துக்கொள்ளும்.

தார்ப் பொட்டுக்கு மண்ணெண்ணெய் எல்லோரும் பாவிக்கிறார்கள். கோபிக்க மாட்டேன், நானும் பாவிப்பதுண்டு. துணி நுனியில் கொஞ்சம் எடுத்து, பொட்டில் மட்டும் வைத்து எடுத்து, உடனே ஷாம்பூவால் கழுவ வேண்டும். ரயருக்கும் கதவு றப்பருக்கும் மண்ணெண்ணெய் ஆகாது, றப்பர் ஊதிப் போகும். பெற்றோல் வேண்டாம், நெருப்பு ஆபத்து வேறு.

சேறு பற்றி: மாரியில் காரின் மேற்பக்கத்தைவிட அடிப்பக்கம் முக்கியம். சில்லுக் குழிக்குள் அப்பிய சேறு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், துரு அங்கிருந்துதான். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் வடிய. அவை சேற்றால் அடைத்திருந்தால் ஈர்க்குக் குச்சியால் திறந்து விடுங்கள். காரை அசைக்கும்போது கதவுக்குள் தண்ணீர் சலசலத்தால் அடைப்புத்தான். முல்லைத்தீவு, மன்னார் கரையில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேரும். அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிக்கடி போக வேண்டும்.

பிரஷர் மெஷின் உள்ளவர்கள் ஓரடியாவது தள்ளி நின்று அடியுங்கள். கதவு றப்பர், ரயரின் பக்கம், பூச்சு உரிந்த விளிம்பு, என்ஜின் வயர்கள், இவற்றுக்கு நேரே வேண்டாம்.

10 நவம்பர்

வெள்ளம் ஏறிய கார் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பட்டவர்களுக்குத் தெரியும். கழுவுவதற்கு முதல் பற்றரி வயரைக் கழற்றுங்கள், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம். ஹைபிரிட் என்றால் நீங்கள் ஒன்றையும் தொடாமல் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மற்றக் கார்களில் இருக்கையையும் தரைவிரிப்பையும் கழற்றி வெயிலில் போட வேண்டும். இருக்கைப் பட்டியை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் வண்டல் போயிருந்தால் அது நேரத்துக்குப் பூட்டாது.

22 பெப்ரவரி 2026

அறுவடை. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பாதி வழிக்கு நெல் காய்கிறது, பதர் எல்லா இடமும் பறக்கிறது. முன் வலைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் தகடுகளில் பதர் பாய் போல அடைந்திருக்கும். என்ஜின் குளிர்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழே வழித்து, தோள் ஸ்பிரேயரால் மெதுவாக விசிறுங்கள். பிரஷர் மெஷின் அந்த மெல்லிய தகடுகளை மடித்துவிடும்.

காரைக் காய்ந்த வைக்கோலுக்கு மேலே நிறுத்தாதீர்கள். ஓடி வந்த காரின் அடியில் புகைக்குழாய்ப் பெட்டி வைக்கோலைப் பற்ற வைக்கும் அளவுக்குச் சுடும். குனிந்து பார்த்து, குழாயில் சுற்றிய வைக்கோலை ஆறிய பிறகு இழுத்து எடுங்கள்.

23 பெப்ரவரி

மைக்ரோபைபர் துணியை எப்படித் தோய்ப்பது என்று கேட்ட தங்கைக்கு: தனியாக, கொஞ்சம் தோய்க்கும் திரவம் விட்டு. உடுப்புக்கு வாசனைக்குப் போடும் மென்மையாக்கி வேண்டாம், இழைகளை அடைத்துத் தண்ணீர் உறிஞ்ச விடாது. கிடுகு வேலியில் காயப் போடாதீர்கள், தும்பும் முள்ளும் ஏறும். கயிற்றில், நிழலில். காய்ந்ததும் மூடிய வாளிக்குள். நிலத்தில் விழுந்த துணி அன்றிலிருந்து சில்லுத் துணி.

மஞ்சளாகிய முன்விளக்குக்குப் பற்பசை போட்ட தம்பி, கொஞ்ச நாளைக்குத் தெளியும், பிறகு திரும்ப வரும். அது பொலிகாபனேற்று என்ற பிளாஸ்டிக், மேலே இருந்த வெயில் தடுப்புப் பூச்சு போய்விட்டது. தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 என்று இலக்கம் போட்ட சாண்ட்பேப்பரால் வரிசையாகத் தேய்த்து, பொலிஷ் பண்ணி, யூவி தடுப்புப் பூச்சு அடித்தால்தான் நிற்கும். சுற்றியுள்ள பூச்சுக்கு ஒட்டுநாடா ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.